பனிவீசியும் திரும்பாத கழுத்தும்

அக்டோபர் 12, ஞாயிறு

உருளைக்கிழங்கு தோண்டி முடித்தாயிற்று. காலையில் கொட்டகைக் கூரை முழுக்க வெள்ளை. பெரும்பனிக்கு இன்னும் நான்கு வாரம், மிஞ்சிப்போனால் ஐந்து. அதற்குள் நம் சின்ன டிராக்டருக்குப் பனி அள்ள ஏதாவது வாங்கி மாட்டியாக வேண்டும். பின்னால் நடந்தபடி தள்ளும் பழைய இயந்திரம் போன ஏப்ரலில் எஞ்சின் பிளந்து செத்துப்போனது. அதற்கு நான் அழவில்லை, என் மனைவி லோரெய்ன் சொன்னால் நம்ப வேண்டாம்.

சமையல் மேசை முழுக்க விளம்பரப் புத்தகங்கள். "சாப்பாட்டுத் தட்ட எங்க வைக்க, உன் தலைமேலயா?" என்று கேட்டாள். வைத்திருந்தால் ஆடாமல் நின்றிருக்கும். கழுத்து அந்த நிலையில்தான் இருக்கிறது.

கழுத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. சரி, ஒரு வரி. இடப்பக்கம் கொஞ்சம் திரும்புகிறது, வலப்பக்கம் மறுக்கிறது. பள்ளி பஸ் ஓட்டியே தேய்ந்த கழுத்து. லோரெய்னைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

ஏன் கூடாது? எங்கள் சாலையில் ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஒருவன் கேட்காமலே இன்னொருவன் வந்து அவன் வீட்டுப் பாதையில் பனியை அகற்றிவிட்டால் அவன் கதை முடிந்தது. அடுத்த வாரம் மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு வரும். அதற்கடுத்து சர்ச்சில் கையைப் பிடித்துப் படியேற்றுவார்கள்.

எதிர்வீட்டு ஹில்யாக்காவின் பாதையை, அவர் வீட்டுக்காரர் இறந்த குளிர்காலத்திலிருந்து, நான்தான் சுத்தம் செய்கிறேன். பள்ளிச் சமையற்கட்டை ஆண்டவர், இப்போது எழுபத்தெட்டு வயது. நாலு மணிக்கு அலாரம் வைத்து, அவர் எழுவதற்குள் முடித்துவிடுவேன். வாயால் நன்றி சொல்ல மாட்டார். மறுநாள் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கும், உள்ளே ஏலக்காய் மணக்கும், பின்னல் போட்ட நிசு ரொட்டி. அதுதான் முறை. நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் இரண்டு பேருக்குமே கூச்சமாகிவிடும்.

இந்த வருடம் நான் தவறினால் என் பாதை, அக்கா பாதை இரண்டையும் மச்சினன் ரூடி பிடித்துக்கொள்வான். அதற்குப் பதில் நான் ஏரியில் குதிக்கலாம்.

அக்டோபர் 18, சனி

ரூடி வந்தான். லோரெய்னின் தம்பி, மூன்றாவது வீடு. வந்தவன் காபியை ஊற்றிக்கொண்டு விளம்பரப் புத்தகங்களை அரிசியில் கல் பொறுக்குகிறவன் போலப் புரட்டினான்.

"என்ன மச்சான், தள்ளுபலகையா? முன்னால மாட்டிக்கிட்டுத் தள்ளப் போறியா?"

"யோசிக்கிறேன்."

"நல்லா யோசி. நவம்பர்ல ஜாலியா தள்ளுவ. டிசம்பர்ல ரெண்டு பக்கமும் செவுரு எழும்பும். ஜனவரியில தள்ள இடமில்லாம பாதை சுருங்கிச் சுருங்கி, உன் காரை நிமிர்த்தி வச்சுத்தான் வெளிய எடுக்கணும்."

அவன் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். இங்கே விழுகிற பனிக்குத் தள்ளுவது மட்டும் போதாது, தூக்கி எறிய வேண்டும். பக்கெட் வைத்து அள்ளலாம். ஆனால் அள்ளி, நகர்ந்து, கொட்டி, திரும்பி வருவதற்குள் அடுத்த பனி விழுந்திருக்கும். ஆண்பிள்ளை வைத்திருக்க வேண்டியது பனிவீசிதான். பனியை விழுங்கி, மேலே நிற்கும் குழாய் வழியாக மரங்களுக்கு அப்பால் துப்பும்.

நம் மாதிரி டிராக்டருக்கு அது பின்னால்தான் மாட்டும். பின்னால் மாட்டினால் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். பின்னோக்கி ஓட்ட வேண்டுமென்றால் —

"முன்னால மாட்டுற வீசியும் இருக்கே. அதைச் சுத்த வைக்க டிராக்டர் வயித்துக்குக் கீழ இன்னொரு சுழல்தண்டு வெளிய வரணும், அவ்வளவுதான். நம்மளுதுல அது இல்ல," என்றாள் லோரெய்ன், பாத்திரம் கழுவிக்கொண்டே.

நானும் ரூடியும் அவளைப் பார்த்தோம். ரூடி உடனே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன இது? டிராக்டருக்கு டீசல் எந்தப் பக்கம் ஊற்றுவது என்றே கேட்டதில்லை இவள். சுழல்தண்டு எப்படித் தெரிந்தது?

அக்டோபர் 23, வியாழன்

ஹான்காக் டவுனுக்குப் போய் டிராக்டர் கடையில் விசாரித்தேன். லோரெய்ன் சொன்னது உண்மைதான், நம் வண்டிக்கு முன்வீசி மாட்டாது. முன்வீசி மாட்டிய புது டிராக்டர் ஒன்று கூடத்தின் நடுவில் நின்றது, சிவப்பாக, அகலமாக. ஓட்டுகிறவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எதிரே பார்த்துக்கொண்டு, ராஜா மாதிரி போகலாம். சர்ச்சில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றி நின்றேன்.

கடைக்காரர் கேட்டார்: "பின்வீசி எடுக்கிறவங்க எல்லாரையும் ஒண்ணு கேப்பேன். உங்க கழுத்து எப்படி?"

"ஆந்தை மாதிரி," என்றேன்.

வாசலை நோக்கி நடந்தபோது பின்னாலிருந்து "வில்பெர்ட்!" என்று கூப்பிட்டார். உடம்பு மொத்தத்தையும் கதவு மாதிரித் திருப்பி நின்றேன். தொப்பியை மறந்துவிட்டேனாம். நீட்டினார். என் கழுத்தைப் பார்த்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினார், நல்ல மனிதர்.

அக்டோபர் 24, வெள்ளி

பின்வீசிதான். வாங்கியாயிற்று. பேச்சுக்கு இடமில்லை.

நவம்பர் 3, திங்கள்

மூளை என்று ஒன்று எனக்கும் இருக்கிறது! பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய கண்ணாடிகள் கொட்டகையில் கிடந்தன. டிராக்டரின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்து மாட்டிவிட்டேன். பஸ்ஸைக் கண்ணாடி பார்த்தே பின்னால் எடுத்து வாழ்நாளெல்லாம் சம்பாதித்தவனுக்கு இது என்ன பெரிய காரியம்? காய்ந்த தரையில் ஓட்டிப் பார்த்தேன். பூனை குறுக்கே போனதுகூடத் தெரிந்தது.

லோரெய்ன் வாசலில் நின்று பார்த்தாள். "டாக்டர்கிட்ட போறதவிட இது சுலபமா?"

"சுலபம்."

"யானைக்குக் காது வச்ச மாதிரி இருக்கு," என்று உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து பார்த்தபோது ஹில்யாக்காவின் கொட்டகைக் கதவை யாரோ அகலப்படுத்தியிருப்பது தெரிந்தது. புதுப் பலகை. எதற்கு? அவரிடம் இருப்பது அந்தச் சின்னக் கார் ஒன்றுதான். வயதானவர்களிடம் தச்சர்கள் ஏமாற்றி வேலை பிடித்துவிடுகிறார்கள். பாவம்.

நவம்பர் 15, சனி

மான் வேட்டைப் பருவம் தொடங்கிய நாள். வீசிக்கு ஒரு பெல்ட் தேவைப்பட்டது. கடைக்காரர், பாங்க்காரர், பல் டாக்டர் எல்லாரும் கதவைப் பூட்டிவிட்டுக் காட்டில்.

நவம்பர் 28, வெள்ளி

முதல் பெரும்பனி. முழங்கால் வரைக்கும்.

நாலு மணிக்கு அலாரம். வெற்றி! என் பாதை, அக்கா பாதை, ரோட்டுப் பனியைத் தள்ளும் கவுண்டி லாரி போகிற போக்கில் வாசலில் குவித்துவிட்டுப் போகிற அந்தப் பனிக்கரை, எல்லாம் ஒரு மூச்சில். குழாயிலிருந்து பனி வளைந்து போய்த் தேவதாரு மரங்களுக்குப் பின்னால் விழுந்த அழகை லோரெய்னிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கண்ணாடிகளில் சில இடங்களில் பனித்தூள் படிந்தது. துடைத்துக்கொண்டால் போகிறது.

நவம்பர் 29, சனி

கைப்பிடியில் பை. நிசு. வெண்ணெய் தடவி நின்றுகொண்டே பாதியைத் தின்றேன். இன்னும் எனக்கு வயதாகவில்லை.

டிசம்பர் 6, சனி

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ரூடி சொல்லப்போகும் கதைக்கு எதிர்சாட்சியாக ஒன்றாவது இருக்கட்டும்.

காலையில் அகற்றிய பிறகும் நிற்காமல் கொட்டியது. மதியம் மூன்று மணிக்கு அக்கா பாதையை இரண்டாம் தடவை எடுக்கப் போனேன். காற்று திரும்பி அடித்தது. வீசி எறிந்த தூளில் பாதி என்மேலேயே வந்தது. இரண்டு கண்ணாடியும் வெள்ளை. துடைத்தேன், மறுபடி வெள்ளை. பாதைதான் மனப்பாடம் ஆயிற்றே என்று நினைத்த திசையில் ஓட்டினேன். குழாய் இடப்பக்கம் பார்த்து நிற்பதாக நினைப்பு.

கிறீச்சென்று ஒரு சத்தம். பெல்ட் இழுக்கிறது என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். சத்தமும் கூடியது.

பெல்ட் இல்லை. சனிக்கிழமை. அக்கா வீட்டுத் தோட்டத்துச் சௌனாவில் நீராவிக் குளியல் நாள். உள்ளே வெந்து சிவந்து, மூச்சு வாங்க முன்தாழ்வாரத்துக்கு வந்து துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற மூன்று பெண்கள்: ஹில்யாக்கா, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அம்மாள், என் மனைவி. அந்தத் தாழ்வாரத்தில் ஒரு வண்டிப் பனி இறங்கியிருந்தது.

லோரெய்ன் கையில் கிடைத்த மரக்கரண்டியோடு வந்தாள். "பெல்ட்டா? பெல்ட்டா கத்துச்சு? உன் பொண்டாட்டி கத்தினேன்யா!"

ஆர்கன் அம்மாள் உள்ளே ஓடிவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஹில்யாக்கா மட்டும் தலையில் பனியோடு நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பனியில போய்ப் புரளலாமான்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தோம். நீயே கொண்டுவந்து கொட்டிட்ட தம்பி!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு தடவகூடத் தலையத் திருப்பல, இல்ல?"

"கண்ணாடி இருக்கே அக்கா."

"ஓ," என்றார். அந்த ஒற்றை எழுத்து எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இருமல்.

டிசம்பர் 19, வெள்ளி

வீசி ஒரு தபால்பெட்டியைத் தின்றுவிட்டது. எங்கள் பாதைமுனையில் நட்டு வைத்ததுதான். கல்லோ கட்டையோ உள்ளே போனால் எஞ்சினைக் காப்பாற்றத் தான் உடைந்துவிடும் ஆணி ஒன்று உண்டு, அது உடைந்தது. உறைந்த விரலோடு புது ஆணி போட்டேன். நிமிரும்போது கழுத்தில் மின்னல் அடித்தது.

லோரெய்ன் கேட்டதற்குக் கவுண்டி லாரி இடித்துவிட்டது என்றேன். சாயங்காலம் ரூடி வந்து, தேவதாரு மரத்தில் தொங்கிய தபால்பெட்டி மூடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "மச்சான், கவுண்டி லாரி மரம் ஏறுமா?"

ஜனவரி 19, திங்கள்

எங்கள் ஊர்ப் பின்லாந்துக்காரர்கள் கொண்டாடும் ஹெய்க்கி நாள். குளிர்காலம் பாதி முடிந்து குகைக்குள் கரடி புரண்டு படுக்கும் நாள் என்பார்கள். கரடி புரண்டிருக்கும். என்னால் புரள முடியவில்லை.

காலையில் எழ முயன்றால் கழுத்து பூட்டிக்கொண்டது. உத்தரத்தைப் பார்த்தபடி கிடக்கிறேன். இந்தக் குறிப்பைப் பலகையை நெஞ்சில் வைத்து எழுதுகிறேன், எழுத்து எப்படி இருக்குமோ. வெளியே ஏரியிலிருந்து காற்று, இரண்டாவது நாளாகப் பனி. கீழ்த்தள ஜன்னல் பாதி மூடிவிட்டது என்று லோரெய்ன் சொல்கிறாள்.

"ரூடியக் கூப்பிடவா?"

"கூப்பிட்டா நான் இந்த வீட்டை விட்டுப் போறேன்."

"எந்தப் பாதை வழியா?" என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

விடிந்தபோது வெளியே இயந்திரச் சத்தம். என் பாதையில். வந்துவிட்டான், கேட்காமலே வந்துவிட்டான். அறுபத்தாறு வயதில் என் கதை முடிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் சத்தம் ரூடியின் வண்டி போல இல்லையே? இரும்பு எங்கேயும் கடகடக்கவில்லை. லோரெய்னைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கதவு மாதிரித் திருப்பி ஜன்னலுக்குப் போனேன்.

சிவப்பு. புத்தம் புது டிராக்டர். கண்ணாடி அறை. முன்னால் மாட்டிய பனிவீசி, கடையில் நான் தொப்பியைக் கழற்றி நின்ற வீசியின் அச்சு அசல். உள்ளே ஹில்யாக்கா, ஒரு கையில் காபி, எதிரே பார்த்தபடி. ரேடியோ வேறு போட்டிருக்கிறார் போல, தலை தாளத்துக்கு ஆடியது. இருபக்கமும் ஆடியது!

என் பாதையை எனக்குத் தெரிந்த எவனையும்விட நேராக எடுத்தார். வாசல் பனிக்கரையைப் பாயசம் மாதிரிக் குடித்தது அந்த வீசி. திரும்பும்போது ஜன்னலைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார், சாலையில் எதிர்ப்படும் வண்டிக்கு நாங்கள் எல்லோரும் தூக்குவோமே, அப்படி.

"உனக்குத் தெரியுமா?" என்று லோரெய்னிடம் கேட்டேன்.

"மாவு புளிக்குதான்னு பாக்கணும்," என்று கீழே போய்விட்டாள். வீட்டில் மாவே பிசையவில்லை.

ஜனவரி 21, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 22, வியாழன்

லோரெய்ன் டாக்டரிடம் இழுத்துப் போனாள். கழுத்துக்குப் பட்டை போட்டாயிற்று. பின்னோக்கி ஓட்டுவது இனிமேல் கிடையாது என்றார் டாக்டர். கண்ணாடி யோசனையைச் சொன்னேன். இருமினார்.

திரும்பும் வழியில் அக்கா வீட்டில் இறங்கினேன். சண்டை போடத்தான் போனேன்.

"எப்ப வாங்கினீங்க?"

"செப்டம்பர்ல. லோரெய்ன்தான் கூட வந்து எது எதுக்குச் சேரும்னு கேட்டுக் கேட்டு எடுத்துக் குடுத்தா. ரூடி கொட்டகைக் கதவை அகலமாக்கினான்."

ஆக, சாலை முழுக்கத் தெரியும். சுழல்தண்டு தெரிந்ததன் மர்மம் விளங்கிவிட்டது. "அப்ப நவம்பர்லயே வெளிய எடுக்க வேண்டியதுதானே?"

"எங்க விட்ட? நான் காபி போடறதுக்குள்ள வந்து முடிச்சுட்டுப் போயிடற. என் வீட்டுக்காரர் இருந்த காலத்துலயே பாதி நாள் நான்தான் பனி தள்ளுவேன், தெரியுமா? காலையில அந்த வேலை செஞ்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். அவர் போன அந்த வருஷம் மண்வெட்டியோட கதவத் திறக்கறேன், நீ எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு நிக்கற."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னுதான் நினைப்பேன். ஜன்னல்ல பார்ப்பேன். பஸ் ஓட்டறத விட்டப்புறம் ஊர்ல கூன் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன், என் பாதையில மட்டும் நிமிர்ந்து நடப்ப. சரி, இவன் சந்தோஷத்த ஏன் கெடுக்கணும்னு மாவு பிசைய ஆரம்பிச்சுடுவேன்."

சண்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருடமும் நான் அவருக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. பாதி வழியில், நடு ரோட்டில், கழுத்துப் பட்டையோடு சிரித்தும் விட்டேன்.

ஜனவரி 24, சனி

ரூடி வந்தான். கையில் மூடி போட்ட பாத்திரம். உள்ளே மீனும் நூடுல்ஸும், மேலே நொறுக்கிய சிப்ஸ்.

"மச்சான், சட்டம்னா சட்டம்."

"வெளிய போடா."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சு படியில கையப் பிடிச்சுக்க நானே வரேன்."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டுதான் விரட்டினேன். உப்பு சரியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முறைப்படி இப்போது அக்கா வீட்டுக் கைப்பிடியில் நாங்கள் ரொட்டி தொங்கவிட வேண்டும். லோரெய்னிடம் சொன்னேன். "யார் பாதைய எடுத்தாங்க?" என்றாள். "நம்ம பாதைய." "யாருக்குக் கழுத்து பூட்டுச்சு?" "எனக்கு." "அப்ப நீ பிசை."

ஜனவரி 25, ஞாயிறு

பிசைந்தேன். வெந்தது. கதவு அசையாமல் இருக்க அண்டை கொடுக்கப் பயன்படும்.

ஜனவரி 29, வியாழன்

இரண்டாம் முயற்சி. ஒரு பக்கம் கருகல், மறுபக்கம் ரொட்டி. பின்னல் அவிழ்ந்து கயிறு மாதிரி இருந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அக்கா வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓடிவந்தேன். திரைச்சீலை அசைந்தது.

பிப்ரவரி 7, சனி

பின்வீசியைக் கடையில் திருப்பிக் கொடுத்து, முன்னால் மாட்டும் தள்ளுபலகை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர், "ஆந்தை பறந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ரூடி சொன்ன சுவர் எழும்பத்தான் செய்கிறது, எழும்பட்டும். நான் எதிரே பார்த்தபடி என் பாதையிலும் அக்கா பாதையிலும் தள்ளித் தள்ளி மூலைகளில் குவிக்கிறேன். அக்கா பின்னாலேயே வந்து குவியல்களை வாரி மரங்களுக்கு அப்பால் எறிகிறார். இன்று இரண்டு வண்டியும் சேர்ந்து சாலையின் இரண்டு பக்கமும் முடித்தபோது ஒரு குவியல்கூட மிச்சமில்லை. ஜன்னலைத் திறந்து கத்தினார்: "நாலு மணிக்கு வந்து எனக்கு முந்தி தள்ளிட்டுப் போயிடாத. ஆறுக்கு வா. மனுஷங்க மாதிரி."

"பார்க்கலாம்," என்றேன். ஆனால் நாளைக்கும் நாலு மணிக்கே போய்விடும் உத்தேசம்தான் மனதில். பழக்கம் விடுமா?

பிப்ரவரி 8, ஞாயிறு

நாலு மணிக்குப் போனேன். அக்கா மூன்றரைக்கே வந்து முடித்துவிட்டிருந்தார். சமையலறை விளக்கு எரிந்தது, காபி வாசனை ரோடு வரை வந்தது. கோப்பையைத் தூக்கிக் காட்டினார். போக்கிரிக் கிழவி!

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் எங்கள் கதவுக் கைப்பிடியில் துணிப்பை. நான் ரொட்டி வைத்து மாட்டிவிட்டு வந்த அதே பை, துவைத்து, தேய்த்து மடித்தது. நிசு வந்துவிட்டது, பழைய நாள் திரும்பிவிட்டது என்று அவசரமாகப் பிரித்தேன்.

ரொட்டி இல்லை. ஒரு பொட்டலம் ஏலக்காய், இடித்தது.

லோரெய்ன் எட்டிப் பார்த்து, "உன் ரொட்டியில பத்தலயாம்," என்றாள். அவள் சிரித்த சிரிப்பில் அடுக்களைப் பூனை எழுந்து போய்விட்டது. நான் மாவு டப்பாவை எடுத்து வைத்தேன். இந்தத் தடவை பின்னல் அவிழாது.

ரேடியோவில் நாளைக் காலை பெரும்பனி என்கிறார்கள். அலாரம் வைக்கவில்லை.